ஒரு மணி நேர வித்தியாசம்

எனக்குக் காப்பி வேண்டாம், சார். பதினோரு மணிக்கு மேல் குடித்தால் நெஞ்சு கரிக்கும். நீங்கள் குடியுங்கள், நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

கடல் தாண்டியிருக்கும் ஒரு மருத்துவமனையின் கணினிகளை நாங்கள் இங்கிருந்து பராமரிக்கிறோம். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். அங்கே விடிகாலை ஐந்து என்றால் இங்கே காலை பத்தரை. இந்தக் கணக்கை ஆறு வருடம் பார்த்தவன் நான். ஒரு நிமிடம் பிசகியதில்லை. பிசகாத வேலை யார் கண்ணிலும் படாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மாப்பிள்ளையை, அதாவது என் தங்கை கணவரை, அந்த ஆபீசுக்குள் கொண்டுவந்ததும் நான்தான். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சொன்னதையெல்லாம் அவர் ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டார். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவர் பாயவில்லை. முறையாக மீட்டிங் போட்டு, மேலாளருக்கு அந்தத் தாளைத் திரையில் காட்டி, நேரத்தை இனி இதுவே குறிக்கும் என்றார். அப்படியானால் உங்கள் மச்சானுக்கு, அதாவது எனக்கு, என்ன வேலை என்று மேலாளர் அவரைக் கேட்டார்.

"மச்சான் நல்ல கடிகாரம்தான் சார். ஆனா இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே."

மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் முசுடு என்று பெயர் வந்துவிடும். மறுமாதம் எனக்கு மிஞ்சியது ஜன்னலோர மேசையும் வெறுமனே பார்க்க ஒரு திரையும் பழைய டெலிபோனும்தான்.

அந்தத் தாளில் ஒரே ஒரு குறை. கோடை பிறக்கும்போது அந்த நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து அவர்களுடைய ஐந்து, இங்கே பத்தரை அல்ல, ஒன்பதரை. அது தாளுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. நான் அந்தப் பாடத்துக்கு வருவதற்குள் அவர் தேறிவிட்டார்.

கடிகாரம் தள்ளிய மறுநாள், திங்கட்கிழமை. தேதி உங்கள் காகிதத்தில் இருக்கும். இதய நோயாளிகள் வார்டின் அபாய மணியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மணி நேரம் மணி அடிக்காது. திரையில் இதயத்துடிப்புக் கோடுகள் வழக்கம்போல ஓடும். கோடு படுத்துவிட்டால் கூப்பிட்டுச் சொல்ல ஆளிருக்காது. அதனால் அவர்கள் நேரப்படி ஐந்திலிருந்து ஆறுவரை கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நிற்பது என்று ஏற்பாடு.

இங்கே ஒன்பதரை ஆனதும் என் டெலிபோன் மணியடித்தது. தலைமை நர்ஸ். பழக்கதோஷத்தில் பழைய எண்ணுக்கே போட்டுவிட்டார். எல்லோரும் கட்டிலருகே நிற்பதாகச் சொல்லி, வேலை நடக்கிறதா என்று கேட்டார். குறித்த நேரப்படியே நடக்கிறது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. குறித்தவர் மாப்பிள்ளை.

பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மறுபடியும் அவர்தான்.

"இங்க ஆறாகப் போகுது. பொண்ணுங்களை அனுப்பிடட்டுமா சார்?"

"அனுப்பிடுங்கம்மா. பாவம், ஒரு மணி நேரமா நின்னுருக்காங்க."

ஆறடி தள்ளி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சரியாகப் பத்தரை மணிக்குப் பொத்தானை அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். நேரம் சரியா மச்சான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பத்து ஐம்பதுக்கு ஏழாம் எண் கட்டிலின் கோடு படுத்தது. இறந்தவருக்கு முப்பத்துநாலு வயது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் கோடு என் திரையிலும் தெரிந்தது. டெலிபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது என்னுடைய வேலை இல்லையென்று ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

நேற்று மாப்பிள்ளை உங்களிடம் எழுதிக்கொடுத்தாராமே? தப்பு முழுக்கத் தன்னுடையது, போனில் பேசியதும் தான்தான், மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்று. அண்ணனைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறார் என்று தங்கை அழுதாள். அவள் வெகுளி. ஆறு வருட வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட மனிதர், இப்போது இதையும் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்.

அதற்காகத்தான் நானாக வந்தேன், சார். அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. என் பெயரைப் போட்டு எழுதுங்கள்.