பாதுகாப்பு வாரக் கோப்பை

— அந்த சைரன் பட்டன்ல நீ கை வச்சே, எனக்கு வேல பூடும் இசக்கி. தள்ளி நில்லு.

— நான் அமுக்கல கோதண்டம் அண்ணாச்சி. நீங்க அமுக்குங்க. செக்யூரிட்டி ரூம்ல இது எதுக்கு இருக்கு, சிலந்தி கூடு கட்டவா?

— அமுக்க ஆர்டர் வரணும். சேஃப்டி ஹேமந்த் சார் சொல்லணும். அவருக்கு எம்.டி. பெரியவர் சொல்லணும். பெரியவரு த்தோ, புல்லுல கோல்ஃப் குச்சிய வச்சிகினு குனிஞ்சி நிக்கறாரு. இன்னா பண்ண சொல்ற?

— அவரு பக்கத்துல குடைய விரிச்சிட்டு நிக்கது யாரு?

— தெரியாத மாரி கேக்கற. உன் பொண்டாட்டி முத்துச்செல்விதான்.

— லைன்ல ஒயர் கோத்துட்டு இருந்தவளக் கூப்ட்டு, பெரியவருக்குக் குடை பிடின்னு அனுப்பிருக்காவ. உயரமா இருக்காளாம், அதான் தகுதி. அண்ணாச்சி, இடி இடிக்கி. அது வெட்டவெளி. அவ கையில கம்பி வச்ச குடை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

— ஓடிப் போயி இட்டுகினு வர வேண்டிதான.

— போனேம்லா. கயிறு கட்டிருக்காவ. வெள்ள டீசர்ட் போடாதவன் புல்லுல கால் வைக்கக் கூடாதாம். காக்கிச்சட்ட போட்டோவுல விழுந்தா வெளிநாட்டு விருந்தாளிய மொகம் சுளிப்பாவளாம். ஒங்க ஆளு பலராமன்தான் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனான்.

— அவன் இன்னா பண்ணுவான், டபுள் டூட்டி. நானும் நேத்துலேர்ந்து வூட்டுக்குப் போவல. கண்ணு எரியுது. சேர்ல குந்து.

— உக்கார மாட்டேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா.

— எப்டி எடுப்பா. குடை புடிக்கறவங்க போனெல்லாம் வாங்கி ஒரு கூடைல போட்டுட்டாங்க. பெரியவர் அடிக்கச்சொல்லோ போன் மணி கேட்டா பந்து கோச்சிகினு வேற பக்கம் பூடுமாம்.

— ஒரகடத்துல கார் லைட்டு செய்யுத கம்பெனிக்கு இந்த ஆட்டம் எதுக்கு அண்ணாச்சி?

— அது மரம் வக்கணும்னு விட்ட எடம்டா. மரம் வச்சா எல குப்ப விழும்னு புல்லு வச்சாங்க. புல்ல சும்மா வச்சா செலவு கேப்பாங்கன்னு குழி தோண்டி கொடி நட்டாங்க. கொடி நட்டப்பறம் ஆட்டம் ஆடாம வுட முடியுமா?

— வாக்கி டாக்கிய எடுங்க. இன்னொருக்காக் கேளுங்க.

— கேக்கறேன், இரு. ஹேமந்த் சார், கேட்லேர்ந்து கோதண்டம் பேசறேன். ஓவர்.

— மெதுவா பேசுங்க கோதண்டம். சார் பந்து அடிக்கப் போறார்.

— சார், இடி இடிக்குது.

— இடின்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. பேசிக்கலி அது ஒரு உறுமல். ஆப்ல பாத்துட்டேன். ஓரளவு மேகமூட்டம்னுதான் போட்டிருக்கு.

— மணிமங்கலம் பக்கம் வானம் தார் ஊத்துன மாரி கீது சார். மின்னிச்சி.

— மணிமங்கலத்துலதானே மின்னுச்சு. நம்ம காம்பவுண்டுக்குள்ள இல்லையே.

— சார், நான் மெயின்டனன்ஸ் இசக்கிபாண்டி. நீங்க வகுப்பு எடுத்தியளே, இடிச்சத்தம் காதுல விழுந்தாலே ஆபத்துதான்னு. கட்டடத்துக்குள்ள போ, இல்ல கண்ணாடி ஏத்துன கார்ல ஏறுன்னு. நீங்க சொன்னதத்தான் சொல்லுதேன்.

— வெரி குட் இசக்கி. நல்லா கவனிச்சிருக்கீங்க. அதே போஸ்டர மைதானத்துக்கு நாலு மூலையிலயும் ஒட்டிருக்கோம். போட்டிக்குப் பேரே பாதுகாப்பு வாரக் கோப்பை. இதுக்கு மேல ஒரு கம்பெனி என்ன செய்யணும்?

— ஆட்டத்த நிறுத்தணும் சார்.

— நிறுத்தலாம். யார் சொல்றது? போட்டிக்குப் பாதுகாப்புத் தலைவர் பெரியவர்தான். அவர் இப்ப ஜெயிச்சிட்டு இருக்கார். ஜெயிக்கிறவர்கிட்டப் போய் இடி இடிக்குதுன்னா, தோக்கறவங்க கிளப்பி விட்டதா நெனப்பார். எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் ஒரு தூறலுக்குத்தான் வாயத் தொறந்தார். இப்ப எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியல. எனக்கும் குடும்பம் இருக்கு.

— எம் பொண்டாட்டி குடை பிடிச்சிட்டு நிக்கா சார்.

— அந்த உயரமான லேடியா? நல்லா பிடிக்கிறாங்க, சாரே பாராட்டினார். கவலப்படாதீங்க, குடை இம்போர்ட்டட். ஓவர்.

— வச்சிட்டாரு.

— கேட்டியளா அண்ணாச்சி. இம்போர்ட்டட் குடைன்னா மின்னலு பாஸ்போர்ட் கேக்குமோ.

— எனக்கு சிரிக்கக் கூட தெம்பு இல்ல இசக்கி. அம்மாடி... இன்னாடா இது, கண்ணு கூசிப் போச்சி.

— எங்க விழுந்துச்சு? அண்ணாச்சி, எங்க விழுந்துச்சு?

— தெரில. மழ ஊத்துது, ஒண்ணும் தெரில. கொடியும் தெரில, ஆளும் தெரில.

— குடை தெரியுதா?

— அஞ்சு நிமிசமா கண்ண சுருக்கி பாக்கறேன், குடையும் தெரில.

— நகருங்க.

— வேணாம் இசக்கி. சைரன் ஊதுனா லைன் மொத்தமும் நின்னுடும்.

— நிக்கட்டும். சைரன் கேட்டா கையில இருக்கதப் போட்டுட்டு பார்க்கிங் கூரைக்கு அடியில ஓடணும்னு ட்ரில்லுல பழக்கிருக்காவ. குடையப் போட்டுட்டு ஓடிருவா. யார் சொல்லியும் கேக்க மாட்டா, சைரன் சொன்னாக் கேப்பா.

— ம். அமுக்கு. நான் பாத்ரூம் போயிருந்தேன்.

— ஊதுது அண்ணாச்சி.

— கேக்குது. காதுதான் இன்னும் மிச்சம் கீது எனக்கு.

— ஹலோ, கேட்? ஹேமந்த் பேசறேன். யாருய்யா சைரன் அடிச்சது?

— இசக்கிபாண்டி சார். அண்ணாச்சி ரூம்ல இல்ல.

— எதுக்கு அடிச்சீங்க? ஆட்டம்தான் முன்னாடியே நின்னுடுச்சே. மொத தூறல்லயே க்ளவுஸ் நனையுதுன்னு பெரியவர் கார்ல ஏறிட்டார். அவர் ஏறினதும் எல்லாரும் ஏறிட்டாங்க. குடை பிடிச்ச லேடீஸையும் உள்ள அனுப்பியாச்சு.

— முத்துச்செல்வி உள்ள போய்ட்டாளா?

— லைன்ல தன் எடத்துல உக்காந்து தலை துவட்டிட்டு இருந்தாங்க. நானே பாத்தேன்.

— சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். வேலய விட்டுத் தூக்குனாலும் சரி சார்.

— இப்பனா குந்து இசக்கி. தண்ணி குடி. மூஞ்சில ரத்தமே இல்ல.

— குடுங்க அண்ணாச்சி. அவ உள்ள போய்ட்டா, அது போதும்.

— மெதுவா குடி. மழ கொஞ்சம் விட்டுக்கிச்சி. மின்னல்தான் விடல... இன்னாடா, ஷிப்ட் மொத்தமும் வெளில வருது.

— சைரன் ஊதுனா வருவாவள்லா. பார்க்கிங் கூரையில போயி நிப்பாவ.

— அங்க போவலடா. ஹேமந்த் சார், ஜனம் பார்க்கிங் போவாம புல்லாண்ட போவுது. ஓவர்.

— பார்க்கிங்ல கெஸ்ட் வண்டி நிக்குது கோதண்டம். அதனால இன்னிக்கு மட்டும் கூடுற எடத்த கோல்ஃப் மைதானத்துக்கு மாத்திட்டோம். காலைலயே லைன் லீடர்ஸ் குரூப்ல மெசேஜ் போட்டாச்சு. நீங்கல்லாம் கான்ட்ராக்ட், அந்த குரூப்ல இருக்க மாட்டீங்க.

— சார், திரும்பி உள்ள போகச் சொல்லுங்க சார்.

— தலை எண்ணி முடிக்காம யாரையும் உள்ள விட முடியாது இசக்கி. ரத்து பண்ணணும்னா பெரியவர் சொல்லணும். ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டேன், கார் கண்ணாடிய எறக்க மாட்டேங்கறார். இடி இடிக்கறப்ப எறக்கக் கூடாதுன்னு நான்தான் அவருக்கும் வகுப்பெடுத்தேன்.

— அண்ணாச்சி, அவ வரலல்லா? சொல்லுங்க.

— மொத வரிசைல நிக்குது இசக்கி. தல தொவட்டுன துண்டு இன்னும் தோள்ல கீது.