பச்சை விளக்குக்கு முன் அரை நொடி

எனக்குக் கோப்பி போதும் ஐயா, சர்க்கரை வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. சொன்ன பேச்சைக் கேட்கிறவன் நான்.

என் பெயர் ஊய் தெய்க் ஹோங். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம். கீழ்த்தளத்தில் பெண்கள் அழுத்து எந்திரத்தில் தகடு வெட்டுவார்கள். மேல்தளத்தில் நானும் யெப் செங் லிம்மும் அந்த எந்திரங்களை நடத்தும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வோம்.

யெப் அதை அசெம்பிளியில் எழுதியிருந்தான். அது ஒரு வகைச் சிப்புக்கு மட்டுமே புரிகிற மொழி. சிப் மாறினால் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும். பழைய சிப் சந்தைக்கு வருவது நின்றுபோனதால், புதிய சிப்புக்கு மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எழுதியவன் பெயர்தான் புரோகிராமின் தலையில் நிற்கும். மாற்றி எழுதுகிறவன் பெயர் எங்கும் வராது.

கோப்பிக் கடையில் ஆறு பேர் முன்னால் யெப் என் தோளைத் தட்டினான்.

“டேய் ஹோங், உன் மூளைய இதுல காட்டாதடா. நான் எழுதினத வரிக்கு வரி அப்படியே மாத்து, போதும்.”

“எதையுமே தொடக் கூடாதா?”

“பாத்து எழுதுறதுக்கு எதுக்குடா யோசனை? பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பையனப் பாத்து எழுதினதில்லையா நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் புரோகிராமில் ஓர் இடம். அழுத்துகிற பாளம் மேலே போனதும் அதைத் தாங்க ஒரு பிடிக்கட்டை உள்ளே நுழையும். முழுதாக நுழைய அரை நொடி ஆகும். அதுவரை சிப் சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடித்தால் பச்சை விளக்கு. அதைப் பார்த்துத்தான் எந்திரத்தில் நிற்கும் பெண் கையை உள்ளே விட்டுத் தகட்டை எடுப்பாள். புதிய சிப் ஆறு மடங்கு வேகமாக எண்ணும். யெப் போட்ட எண்ணிக்கையை அப்படியே வைத்தால், கட்டை வந்து சேருமுன் பச்சை எரிந்துவிடும்.

இது எனக்கு முதல் நாளே தெரியும். ஆறால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பெருக்கவில்லை. பாளத்தைத் தூக்கும் எண்ணெய் சூடேறிய பிறகுதான் அது நழுவி இறங்கும்; குளிர்ந்திருக்கும்வரை தானாகவே மேலே நிற்கும் என்பதால் காலைச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், சுரியானி என்ற பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போயின.

“பச்சை வர்றதுக்கு முன்னாடியே கைய விட்டிருப்பா. புதுப் பொண்ணுலா,” என்றார் மேற்பார்வையாளர். பச்சை எரிந்தது என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. யெப்பின் பெயரை யாரும் எடுக்கவும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதுப் பெண் என்பதால்தான் நம்பவில்லை என்று யோசித்தேன். பழகிய ஒருத்தி சொன்னால் நம்புவார்கள்.

அந்த எந்திரத்துக்கு மைமுனா அக்காவைப் போட்டார்கள். பதினோரு வருட அனுபவம். எனக்கென்று தினமும் இரண்டு பலகாரம் எடுத்துவைப்பவர். அன்றும் டப்பாவோடு படியேறி வந்தார்.

“தம்பி, அந்த மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லியே? அந்தப் பொண்ணு பொய் சொல்ற ஆளில்லப்பா.”

“ஒண்ணும் இல்லக்கா. பச்சை வந்தா தைரியமா கைய விடுங்க.”

பலகாரம் நன்றாக இருந்தது.

பத்தாம் நாள் நடந்தது. வலது கை, மணிக்கட்டோடு. இந்த முறை எல்லோரும் நம்பினார்கள். புரோகிராமைத் திறந்தார்கள், தலையில் யெப்பின் பெயர் இருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

“ஹோங், நீ என்னடா பண்ணின?”

“வரிக்கு வரி. நீ சொன்ன மாதிரி.”

என் இழுப்பறையில் கிடந்த சிப்பைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஆமாம், அதில் ஆறால் பெருக்கியிருக்கிறது. சுரியானிக்கு நடப்பதற்கு முன்பே செய்தது. எந்திரத்தில் மாற்றிப் பொருத்தப் பத்து நிமிடம் போதும். அதன் தலையில் என் பெயர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்டு ஓட்டிப் பாருங்கள், ஐயா. நான் எழுதியதால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.