பளிச்

இந்த ஸ்டேஷன் சுவருக்கு ஆயில் பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது சார். டியூப் லைட் அதில் பட்டு என் கண்ணைக் குத்துகிறது. நீங்கள் எழுதும் காகிதமோ இருட்டில் கிடக்கிறது. பளபளப்பு வேறு, வெளிச்சம் வேறு. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

புளியந்தோப்பில் எங்கள் ஹவுசிங் போர்டு படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. வாசல் வெளிச்சம்தான். முன்பு சுண்ணாம்பு அடித்திருந்தது. சுண்ணாம்பு மினுக்காது, ஆனால் தன்மேல் விழுந்த வெளிச்சத்தை நாலு பக்கமும் திருப்பிக் கொடுக்கும். சுவர் அழுக்கேறிப்போனதால், என் தோஸ்து அன்புமணியிடம் வேலையைச் சொல்லிவிட்டு எண்ணூரில் புதுத் துறைமுக வேலைக்குப் போய்விட்டேன். அவனும் பெயிண்டர்தான், வீட்டு வேலை செய்கிறவன்.

ஆசை ஆசையாக, உயர்ந்த எனாமலில் கரும்பச்சை அடித்து வைத்தான். சுவரில் முகம் தெரிந்தது. படி தெரியவில்லை. என் மனைவி சிவந்தி காலிக் குடத்தோடு இறங்கியபோது, சுவரடியில் மினுங்கியதைத் தரை என்று நினைத்துக் காலை வைத்திருக்க வேண்டும். வயிற்றில் ஏழு மாதம். இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, வெள்ளை அடிக்கலாம் வா என்று அன்புமணியைக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் இல்லை. எவ்வளவு இருட்டு என்று அவனுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவன் படியில் நின்று அழுதான்.

"நீதான மாமு, படிக்கட்டு பளிச்சுனு இருக்கணும்னு சொல்ட்டுப் போன. அதான் பளபளன்னு அட்ச்சேன்."

சொன்னேன்தான். பளிச்சென்றால் வெள்ளை. ஒரு பெயிண்டருக்கு அது தெரியாதா? கையில் நாலு லிட்டர் வெள்ளை டப்பா இருந்தது. நெற்றியில் போட்டேன். உட்கார்ந்தான். மறுபடியும் "பளிச்சுனு" என்றான். வாயில் போட்டேன். பற்கள் படியில் உருண்டன. அப்புறமும் உதடு அதையே சொல்லப் பார்த்தது. தலைமுடியைப் பிடித்து, அந்த வார்த்தை நிற்கும்வரை சுவரில் மோதினேன். கரும்பச்சையில் ரத்தம் தெரியவே இல்லை. மினுங்கியது.

டப்பா மூடி தெறித்து, வெள்ளை படிப்படியாக வழிந்தது. அப்போதுதான் எல்லாப் படியும் தெரிந்தது. நான் கேட்ட பளிச் அதுதான்.

அன்புமணியைக் கொன்றது நான். சிவந்தியைக் கொன்றது அவன். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள் சார்.