உப்புப் பார்த்தவன்

சுரைக்காயை நறுக்குவதற்கு முன்னால் காம்போரமாக ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் சார். தோட்டம் போட்டவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எப்போதாவது ஒன்று கசக்கும். கசந்தால் காயைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொடியையும் வேரோடு பிடுங்கிவிட வேண்டியதுதான். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஊரே என் மேல் சாய்ந்து நின்றது. ஓய்வு பெற்ற மறுநாள் எழுந்து பார்த்தால், "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் போனில் இருக்கிறான். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் சட்டை.

அதனால்தான் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வயலோரமாக ஒரு சின்ன வீடும் கொஞ்சம் மண்ணும் வாங்கிக்கொண்டு போனேன். சுரை போட்டேன். என் கை ராசி, ஒரு காய் வேலியைத் தாண்டி வளர்ந்து தபால்காரர் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்துவிட்டது. விஷயம் தெரியாமல் அவர் மனைவி ஒரு வாரம் அதன் மேல் துணி காயப்போட்டாளாம். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் சொன்னது நான்தான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் மாஸ்டர் வீட்டுக் கொல்லையில் கூடுவோம். மாஸ்டர் என்றால் பெரிய ஹோட்டலில் சமையல் மாஸ்டராக இருந்தவர். தபால்காரர் தன் கோழிகளின் முட்டை கொண்டுவருவார். பால்காரர் வெண்ணெய். நான் காய். அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் மரத்தடி மேசையில் பரப்பிவிடுவோம். மாஸ்டர் பெரிய சட்டியில் ஏதாவது சமைத்து வைத்திருப்பார். மற்றதெல்லாம் சட்டிக்குத் துணை.

ஒரு ஞாயிறு நான் சீக்கிரமே போய்விட்டேன். தனியாக இருப்பவனுக்கு எல்லா இடத்துக்கும் சீக்கிரம் போய்விடும் வியாதி உண்டு. அடுப்படியில் மாஸ்டர் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வெங்காயமாக்கும் என்று நினைத்தேன்.

"கண்டக்டர், கதவைச் சாத்துய்யா" என்றார். "ஒண்ணு சொல்றேன், வெளியே விடக்கூடாது. போன காய்ச்சலோட நாக்கு போச்சு. உப்பும் தெரியல, உறைப்பும் தெரியல. மண்ணைத் தின்ன மாதிரி இருக்கு."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வரலாமாம், வராமலும் போகலாமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர்."

நான் கரண்டியை வாங்கி ருசி பார்த்தேன். "சுரைக்காய்க்கு உப்பில்லை மாஸ்டர்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து நான் அவருக்கு நாக்கு. ஞாயிறுதோறும் பின்வாசல் வழியாகப் போவேன். அவர் கரண்டியை நீட்டுவார், நான் சொல்வேன், அவர் போடுவார். மேசையில் எல்லாரும் "மாஸ்டர் கையே கை" என்பார்கள். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக நான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன் சார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு டெய்லரம்மா வந்தார். மாஸ்டர் வீட்டுக்கு அடுத்த வீடு. நல்ல பெண்மணி, குறை சொல்ல மாட்டேன். தக்காளி போட்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கும் கண் அது, எதுவும் தப்பாது. மூன்றாவது தடவை சாப்பிட வந்தபோதே, "ஏன் மாஸ்டர், பரிமாறும்போதெல்லாம் கண்டக்டர் மூஞ்சியையே பார்க்கிறீங்க? அவர் மூஞ்சியில என்ன மெனு கார்டா ஒட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தோம்.

அதற்கடுத்த ஞாயிறு பின்வாசலில் போய் நின்றேன். உள்ளே டெய்லரம்மா கரண்டியை ஊதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு கல் உப்பு போடுங்க" என்றார். மாஸ்டர் போட்டார்.

என்னைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்யா. பக்கத்து வீடுதானே, எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்துடுவாங்க. இனிமே நீ நேரா மேசைக்கு வந்துடு. உனக்கு எதுக்குச் சிரமம்?"

சிரமம் என்றார். எனக்கு அது ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். டிக்கெட் கேட்டுப் பழகிய வாய்க்கு அந்த மாதிரி வார்த்தை வரவில்லை.

அந்த வாரந்தான் குளியலறைச் சுவருக்குப் பின்னால் தானாக முளைத்த கொடி ஒன்று காய்த்தது. காம்போரத்தை வெட்டி நாக்கில் வைத்தேன். அரை மணி நேரம் வாயைக் கொப்பளித்தேன். பிடுங்கத்தான் குனிந்தேன். பிறகு பிடுங்கவில்லை. தண்ணீர் ஊற்றினேன். பந்தலும் போட்டேன்.

என்ன நினைத்து ஊற்றினாய் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டில் வளரும் பொருள் ஒன்று என்னை நம்பி இருந்தது, அவ்வளவுதான்.

டெய்லரம்மா மகளுடைய பிரசவத்துக்காக வெளியூர் போனார். மாஸ்டர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். பின்வாசல், கரண்டி, ஓரக்கண் பார்வை, எல்லாம் திரும்பி வந்தன. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்க ஆரம்பித்திருந்தார். காய் என் தோட்டத்தில் இருந்துதான் போகும். தினமும் நானே கொண்டுபோய், காம்போரம் பார்த்து, "சரியா இருக்கு மாஸ்டர்" என்று சொன்ன பிறகுதான் அரைப்பார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "அம்மா நாளன்னைக்கு வர்றாங்க. வந்ததும் ரெண்டு பேருமா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போடறோம். சமையல் நான், ருசி பார்க்கிறது அவங்க. முதல் இலை உனக்குத்தான்யா."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்து சாப்பிட்டா போதும்."

மறுநாள் காலையில் குளியலறைச் சுவருக்குப் பின்னால் போய் இரண்டு காய் பறித்தேன். பார்க்க நல்ல காய்கள், நகம் வைத்தால் இறங்கும். அவர் அடுப்படியில் காம்போரத்தை வெட்டி என்னிடம் நீட்டினார். நான் மென்றேன். முகம் மாறவில்லை. ஓசிப் பயணியைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நின்றவன், முகத்தை அடக்க எனக்குத் தெரியும்.

"எப்படிய்யா?"

"தேன் மாதிரி இருக்கு மாஸ்டர்."

அரைத்தார், வடிகட்டினார், ஒரு பெரிய தம்ளரில் ஊற்றினார். ஒரு மடக்கு குடித்துவிட்டு நிறுத்தினார். தம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மாதிரி முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பரீட்சையில் பாஸான பையன் முகம் மாதிரி இருந்தது.

"கண்டக்டர், லேசாக் கசக்குதுய்யா. எனக்குக் கசப்புத் தெரியுது. நாக்கு வருதோ?"

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நிதானமாக எழுதுங்கள். நானும் அப்போது கொஞ்சம் யோசித்தேன். நாக்கு வந்துவிட்டால் அவருக்கு டெய்லரம்மாவும் வேண்டாம், நானும் வேண்டாம்.

"கசப்பா? அதெல்லாம் பிரமை மாஸ்டர்" என்றேன். "வெறும் வாய்க்கே சில நேரம் அப்படித் தோணும். நான்தான் ருசி பார்த்தேனே."

"அப்படியா" என்றார். முகம் விழுந்துவிட்டது. "சரி, நீ சொன்னாச் சரி." மிச்சத்தையும் குடித்தார். வடிகட்டியில் நின்றதையும் பிழிந்து குடித்தார்.

வயிற்றுவலி என்று ஒருநாள் படுக்கட்டும், டெய்லரம்மா ஊரில் இல்லாத நேரத்தில் என் அருமை தெரியட்டும், நான் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். கண்டக்டராக இருந்தபோது கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு மனுஷனை என் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் போனோம். போய்ச் சேரும்போது அவன் இல்லை. கடைசி சீட்டைக் கழுவியது நான்தான். அதனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். மாஸ்டர் சுருண்டு விழுந்த பிறகு ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்யவில்லை என்பதும் உண்மை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விடுவித்துக்கொள்ள மனசு வரவில்லை.

மாஸ்டர் சாவுக்கு டெய்லரம்மா வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றை அவரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தன் நாக்கு கசக்கிறது என்று சொல்லியும் மாஸ்டர் என் நாக்கைத்தான் நம்பினார். அப்படி ஒரு சிநேகம் யாருக்குக் கிடைக்கும்?

வேறொன்றும் சொல்வதற்கில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அப்புறம் ஒரு விஷயம், இங்கே மத்தியானம் கொடுத்த குழம்பில் உப்பே இல்லை. உங்கள் சமையல்காரரிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் இறக்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடட்டும், வந்து பார்த்துச் சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.