முள் பாதியில் நின்ற மீட்டர்

படகு கடலில் நின்றது பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம். அதில் அவர் என்னோடு பேசியது நாற்பத்தாறு நிமிடம்தான். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. அதனால் உங்கள் விசாரணைக்கு எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஹேமாவதி. பி.எஸ்சி. இயற்பியல். பூந்தமல்லியில் உஸ்மான் கனி பாயின் பட்டறையில் மீட்டர்களைச் சரிசெய்கிறேன். சுற்றுவட்டாரத்தில் கடல் கிடையாது. ஆனாலும் பழவேற்காட்டிலிருந்து இருதயராஜ் அண்ணன் தன் சிறிய மோட்டார் படகின் பெட்ரோல் மீட்டரை எடுத்துக்கொண்டு இங்கேதான் வருவார். தூண்டில் போடப் பிரியப்படும் ஐ.டி. ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். டாங்க் படகின் தளத்துக்கு அடியில் இருக்கிறது. குழாய் வளைந்து போவதால் குச்சி விட்டு அளக்க முடியாது. முள்ளை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த முள், டாங்க் நிறைந்திருக்கும்போதே திடீரென்று காலிக்கு விழுந்தது. கூட வந்தவர்கள் பயந்து பாதி வழியில் திரும்பச் சொன்னார்கள். டாங்க்குக்குள் ஒரு மிதவை உண்டு. அது ஏறி இறங்குவதைத்தான் முள் காட்டும். பட்டறைக்கு மேலேயே பாயின் வீடு என்பதால் பெட்ரோல் வைக்க விடமாட்டார். மீட்டரோடு கழற்றி வரும் மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்துச் சோதிப்போம். மேசைமேல் எல்லாம் சரியாக இருக்கும். படகு ஆடினால்தான் பழுது வரும்.

இரண்டு முறை கொடுத்தனுப்பினேன். இரண்டு முறையும் திரும்பி வந்தது.

“இன்னாம்மா, படிச்ச பொண்ணுன்னு வெச்சா, மாமியார் ஊட்டுக்கு வர்ற மருமவன் மாரி அதே மீட்டரு வந்துகினே கீது,” என்றார் பாய். “இன்னொரு தபா வந்துச்சுன்னா நீ வரவேணாம்.”

எனக்கு இது முதல் வேலை. மூன்றாம் முறை கொடுத்தனுப்பியது திரும்பி வரவில்லை.

பதினேழாம் நாள் காலை ஏழு பத்துக்கு அண்ணன் ஃபோன் செய்தார். மீன் நிற்கும் இடம் பார்க்கத் தனியாகப் போயிருந்தார். முள் பாதி காட்டியதால் பெட்ரோல் போடாமல் கிளம்பினாராம்.

“தங்கச்சி, முள்ளு பாதில கீது. எஞ்சின்தான் கோச்சிக்கினு படுத்துட்ச்சு.”

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பழுது பார்க்க ஒரு வரிசை உண்டு. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே உலர்ந்து கிடக்கிறது என்றார். அடைப்பாக இருக்கும் என்றேன். ப்ளக்கைத் துடைக்கச் சொன்னேன். டாங்க்கிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினால் முள் காலிக்கு விழ வேண்டும். “கால் டாங்க்ல வந்து நிக்குதும்மா” என்றார். எர்த் வயரைச் சுரண்டச் சொன்னேன். மீட்டரின் பின்பக்கத்தைத் திறக்க மட்டும் சொல்லவில்லை.

“கரைல எவனயாச்சும் கூப்டட்டா? சிரிப்பானுங்கோ. ஆனா காத்து வேற தள்ளுது.”

“கொஞ்சம் இருங்கண்ணா. இன்னும் ஒரு வயர் பார்த்துடலாம்.”

என் குரல் தெளிவாக இருந்தது. அதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. பிறகு அவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்தது. நான் பட்டறைக்குப் போய் இரண்டு ஆட்டோ மீட்டர்களை முடித்தேன்.

மாலை ஆறு ஐம்பதுக்குப் படகைக் கண்டுபிடித்தார்கள். அவர் அதில் இல்லை. கரை தெரிந்ததால் நீந்திப் பார்த்திருப்பார் என்கிறார்கள்.

டாங்க் காலி, உடனே ஆளைக் கூப்பிடுங்கள் என்று முதல் நிமிடத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். முள் பாதியில் நிற்கும்போது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த்துக் கேட்கிறவர்களிடம் எனக்குப் பேச வராது.

பதில் இதுதான். மூன்றாம் முறை மீட்டரின் பின்னால் நூற்றெண்பது ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தேன். அதற்குப் பிறகு வயரைப் பிடுங்கினால்கூட முள் கால் டாங்க்கில் நிற்கும்; வயர் இருக்கும்வரை டாங்க் காலியானாலும் முள் பாதிக்குக் கீழே இறங்காது.