மாவுக்கட்டு

முதுகுவலி இருக்குங்க ஐயா, கொஞ்சம் சாய்ஞ்சு உட்கார்ந்தே சொல்றேன். வக்கீல் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அவர் வந்தா அவர்தான் பேசுவார், வீணா பொழுது போயிடும்.

முதல்லயே சொல்லிடறேன், அவன் மேல எனக்குக் கோபமே கிடையாது. அலுப்புதான். சுருட்டைன்னு கூப்பிடுவோம். மருந்துக் கடைக்காரரை அவர் சம்சாரம் கண்ணெதிரே வெட்டினவன். நாய் படாத பாடு பட்டுப் பிடிச்சு, மத்த ஆளுங்களோட வரிசையில நிறுத்திக் காட்டினோம். அந்தம்மா அவனை நல்லா பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. இவர் இல்லைங்கன்னுட்டாங்க. பயம், வேறென்ன. நான் குத்தம் சொல்லல.

ஜாமீன்ல போனான், தலைமறைவாயிட்டான். மறுபடியும் தேடு. என் பொண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்னிக்குக்கூட நான் யார் வீட்டு மொட்டைமாடியிலயோ அவனுக்காகப் படுத்துக் கிடந்தேன். பிடிக்கிறது நாங்க, விடறது கோர்ட்டு. உங்களைச் சொல்லலை ஐயா.

அவனோட அக்கா தையல் கடை வச்சிருக்காங்க. தினமும் போய் உட்காருவேன். மிரட்டினதில்லை. மெஷினை நிறுத்திட்டு ஒருநாள் அவங்களே பேசினாங்க.

"அவன் செஞ்சிருந்தா தூக்குல போடுங்க சார். ஆனா யாராவது ஒருத்தர் அவன் சொல்றதைக் கேட்டுட்டுப் போடட்டும்."

நியாயமான பேச்சு. அவன் உயிருக்கு நான் பொறுப்புன்னு என் பொண்ணு மேல சத்தியம் பண்ணினேன். மறுநாள் அவங்களே கூட்டிட்டு வந்து விட்டாங்க. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. பள்ளிக்கூடத்துல சேர்க்க வந்த மாதிரி இருந்தது.

அன்னிக்கே பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது கை முறிஞ்சுது. எங்க ஸ்டேஷன் பாத்ரூம்ல விழாத கைதி கிடையாது, எங்க ஆளுங்க ஒருத்தரும் விழுந்ததில்லை. விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினாங்க. மேலேருந்து போன் வந்தது. சுடுன்னு யாரும் சொல்லலை. எப்போ முடியும்னுதான் கேட்டாங்க.

கத்தியை எங்க ஒளிச்சேன்னு காட்டச் சொல்லி, மூடிக் கிடக்கிற மரவாடிக்குக் கூட்டிட்டுப் போனோம். பட்டப்பகல். ஜீப்புல வரும்போது, மருந்துக் கடை விஷயமா ஒண்ணு சொல்லணும் சார்னான். கோர்ட்ல சொல்லிக்கோன்னேன். சரின்னு தலையாட்டினான். தண்ணி கேட்டான், என் பாட்டிலையே கொடுத்தேன். இறங்கினதும் கிட்ட நின்னு சுட்டேன். மார்புல, ஒரே தடவை. துடிக்க விடக் கூடாதில்லையா.

அப்புறம் எப்பவும் செய்யறதுதான். டிரைவர் என் இடது கையில கத்தியால ஒரு கோடு போட்டார். பழைய தழும்புகளும் இருக்கு, பாருங்க, எல்லாம் அவர் கைவேலை. வலது கையால வெட்ட வந்தான், தற்காப்புக்குச் சுட்டோம்னு பேப்பர்காரங்களுக்குக் கிளம்பும்போதே சொல்லியாச்சு. எப்பவும் அப்படித்தான் முன்கூட்டியே சொல்லிடுவோம், பழகிப்போச்சு. கத்தியை அவன் கையில வைக்கும்போதுதான் மண்டையில உறைச்சுது. மாவுக்கட்டு எப்படிக் கத்தியைப் பிடிக்கும்?

இடது கையில வச்சிடலாம் சார்னார் டிரைவர். நான் ஒத்துக்கலை. அவன் இடதுகைக்காரன் இல்லை. இல்லாததைச் சொல்றது எனக்குப் பிடிக்காது. மண்டி போட்டு உட்கார்ந்து நானே மாவுக்கட்டை வெட்டிப் பிரிச்சேன். விரலெல்லாம் வீங்கியிருந்தது, மடக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. பிணம் அறுக்கிற டாக்டர் நக இடுக்குல மாவைப் பார்த்துட்டார். இல்லேன்னா நீங்க என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க.

ஊரே கைதட்டிச்சு. கடைக்காரர் சம்சாரம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை. இன்னும் பயம் தெளியலை போல.

அவன் அக்கா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. கத்தலை, சாபம் விடலை. "கடைசியா ஏதாவது சொல்ல வந்தானா சார்?"னு கேட்டாங்க.

ஒண்ணும் சொல்லலைம்மான்னேன்.

ஆமா ஐயா, நான்தான் சுட்டேன், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா அவன் அக்கா கேட்டதுக்கு அப்படிச் சொன்னது இன்னமும் உறுத்துது. இந்த விவகாரத்துல நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.