லாரி என் பின்னால்தான் இருந்தது

மேலே கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. கடைத்தெருவில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காயம்பட்டவர் என் அக்காவின் கணவர், பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நாங்கள் இருவரும் நெடுந்தூர சைக்கிள் சங்கத்தில் இருக்கிறோம். லாரி ஓட்டுநர் என் அத்தானை இடித்ததாக அக்கா கொடுத்த புகார், நான் சொன்னதாக எல்லோரும் நினைத்த ஒன்றை நம்பிக் கொடுத்தது. அது தவறு என்பதால் யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சங்கத்தின் இரண்டு நாள் ஓட்டத்தில் கிளம்பினோம். முதல் நாள் சிரமம் இல்லை, இரவும் தூங்காமல் மிதித்தோம். ஞாயிறு காலையில் அத்தானின் வயிறு எதையும் ஏற்கவில்லை. வாழைப்பழத்தைக் கடித்தார், மென்றார், துப்பிவிட்டார். அதன் பிறகு, வழியெல்லாம் வாய் ஓயாதவர் பேச்சை நிறுத்திவிட்டார். "கொஞ்சம் நின்னு போலாமா அத்தான்?" என்று கேட்டேன். "நின்னா அப்புறம் எந்திரிக்க மாட்டேன்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்ததால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

மதியத்துக்கு மேல் அணைக்கு ஏறும் சாலையை அடைந்தோம். அப்போது என் நிலை என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். முதலில் கால் வலிக்கும், அது பழகிவிடும். அதன் பிறகு வலி போய்விடும், அதுதான் மோசம். மனது பேரம் பேச ஆரம்பிக்கும். அந்த மரம் வரை மிதி, பிறகு இறங்கிவிடலாம் என்று சொல்லும். மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்டும். எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோகும். பிஸ்கட் பொட்டலம் கைதவறி விழுந்ததற்கு, வேண்டியவர் யாரோ போய்விட்டதுபோல் தேம்பி அழுதேன். சாலையோரம் கறுப்பு நாய் படுத்திருப்பதாக நினைத்து ஒதுங்கினேன், அது கிழிந்த டயர்.

டயரை நாயாகக் கண்டவர் லாரியைச் சரியாகக் கண்டிருப்பாரா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். லாரியைக் கண்ணால் மட்டும் நான் அறியவில்லை. அதன் எஞ்சின் சூடு என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. ஏற்றத்தின் பாதியிலிருந்து அது ஹாரன் அடிக்காமல் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, முன்னாடி போறவரு தள்ளாடுறாரு, நிறுத்தச் சொல்லுங்க. யாரும் முந்தாம நான் பின்னாலயே வர்றேன்" என்றார். நான் அத்தானைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. முன்னால் அத்தான், நடுவில் நான், எனக்குப் பின்னால் லாரி. அது அத்தானை இடித்திருந்தால் முதலில் நான் அதன் அடியில் போயிருப்பேன்.

அடுத்த வளைவில் சாலை திரும்பியது, அத்தான் திரும்பவில்லை. தலை தொங்கியிருந்தது. தூங்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். நேராகப் போய், வளைவில் இருந்த சிறு பாலத்தின் ஓரக்கல்லில் முன்சக்கரம் மோதித் தலைகுப்புற விழுந்தார். அவரருகே வேறு எந்த வண்டியும் இல்லை. அதன் பிறகு ஓட்டுநர் என்னைக் கடந்துபோய், மேலிருந்து இறங்கும் வண்டிகள் அவர்மேல் ஏறாதபடி லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினார். ஓட்டுநரின் சட்டையில் இருந்த இரத்தம், அவர் அத்தானைத் தாங்கியபோது பட்டது. "தலைய அசையாம பிடிச்சுக்கங்க அக்கா" என்றார். பிரேக் பிடிக்கவும் வலுவில்லாத என் கைகள் ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தலையை விடவில்லை. அந்த வலு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மனது சொன்னது முழுக்க உண்மையில்லை என்று மட்டும் தெரிந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்றார், தலையாட்டினேன். லாரி இடித்ததா என்றார், தலையாட்டினேன். உங்கள் பெயர் என்ன என்றார், அதற்கும் தலையாட்டினேன். அதன் பிறகு சங்கத்தார் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் மாலைவரை தூங்கினேன். எழுந்தபோதுதான் ஓட்டுநரைப் பிடித்து வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

"இடிக்கவே இல்ல அக்கா" என்றேன்.

"நீதானேடி ஆமான்னு தலையாட்டினே?"

"அப்ப எது கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்."

அக்கா எழுந்து உள்ளே போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "காலைல முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் அத்தானைப் பார்த்தோம். தோள் எலும்பு முறிந்திருக்கிறது, நன்றாகப் பேசுகிறார், மீண்டும் சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். விழுந்தது அவருக்கு நினைவில்லை. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர், "ஒருத்தர் என் பக்கத்துல உக்காந்து, 'தூங்காதீங்க அண்ணே, பிள்ளைங்க பேரச் சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரே, அவர் யாரு? அவரை நான் பார்க்கணும்" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புகாரைத் திரும்பப் பெற அக்காவும் என்னோடு வந்திருக்கிறார். வெளியே பெஞ்சில், ஓட்டுநரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தூங்கித் தெளிந்த நிலையில், கண்டதை மட்டுமே சொன்னேன், இது உண்மை.

(கையொப்பம்)